மருந்தில்லா நாளில் மறைந்த மருத்துவர்

கல்வி தேடி வீட்டை விட்டுப் புனே நகருக்கு வந்தவர்கள் நாம். சனிவாரப் பேட்டையிலும் சதாசிவப் பேட்டையிலும் நாள்தோறும் நடக்கிறோம். நம்மைப் போலவே கல்வி தேடிக் கடல் கடந்து சென்று, பட்டத்தோடு மீண்டு, இதே நகரில் இருபத்தொரு வயதில் உயிர் நீத்த ஒரு மாணவியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஆனந்திபாய் ஜோஷி. மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று நாடு போற்றுபவர்.

1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில் திருமணம். கணவர் கோபால்ராவ் அஞ்சல் துறை எழுத்தர். மனைவியைப் படிக்க வைத்தே தீருவது என்று உறுதி பூண்டவர். பதினான்கு வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண் மகவை ஈன்றார். பத்தே நாளில் அது மடிந்தது. தக்க மருத்துவ உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமே என்ற ஏக்கம் அந்த இளந்தாயின் நெஞ்சை விட்டு அகலவில்லை. அத்துயரமே அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது.

உதவி வேண்டிக் கோபால்ராவ் எழுதிய மடல் ஓர் அமெரிக்க இதழில் வெளியாயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்து ரோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த கார்ப்பென்டர் அம்மையார் அதைப் படித்தார். முன்பின் அறியாத அந்த இந்தியப் பெண்ணுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். இங்கே உறவும் ஊரும் பழித்தன. ஆனந்திபாய் அஞ்சவில்லை. 1883இல் கணவர் துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறினார். அங்கே கார்ப்பென்டர் அம்மையாரே அவருக்குச் சிற்றன்னை ஆனார்.

பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படிப்பு. குளிர் வாட்டியது, உடல் நலிந்தது, காசநோய் பற்றிக்கொண்டது. ஆயினும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. 1886ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பட்டம் பெற்றார். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் தாயகம் மீண்டார். ஆனால் அப்பணியில் அமரும் வாய்ப்பை நோய் தரவில்லை. 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் புனேயில் மறைந்தார். அவருடைய சாம்பல் கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் தம் குடும்பக் கல்லறையிலே அவர் அதற்கு இடம் தந்தார்.

காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882இலேயே உலகுக்கு அறிவித்திருந்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. ஆனந்திபாய்க்கு அன்பு செலுத்த ஆள் இருந்தது, மருந்துதான் இல்லை.

இன்று மருந்து உண்டு. அரசே விலையின்றித் தருகிறது. வழக்கமான காசநோய்க்கு ஆறு திங்கள் உண்டால் போதும். ஆனால் சில வாரங்களில் காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது. நோய் போயிற்று என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். கூலி போகுமே என்று சிலர். ஊர் அறியுமே என்று சிலர். பிழைப்புக்காக வேற்றூர் செல்வோர் சிலர். எஞ்சிய கிருமியோ மருந்துக்கு அடங்காததாய் மீண்டும் எழுகிறது, அருகிருப்போரையும் பற்றுகிறது.

இதற்கு வழி என்ன? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் விடை கண்டது. எளிய குடிசைகளில் இருந்தபடியே ஓராண்டு மருந்துண்டவர்கள், மருத்துவ விடுதியில் தங்கியவர்களைப் போலவே நலம் பெற்றார்கள் என்று 1959இல் அது உலகுக்குக் காட்டியது. மருந்து ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்று வீடு தேடிச் சென்றும் பார்த்தார்கள். நோயாளி இருக்கும் இடத்துக்கே கவனிப்பும் செல்ல வேண்டும் என்பது அதன் பாடம். இன்று ஊர்தோறும் ஆஷா பணியாளரும், அண்டை வீட்டாரும், நோயிலிருந்து மீண்டவர்களும் அப்பணியைச் செய்கிறார்கள். சிகிச்சையை விட்டவர் வீட்டுக்குச் சென்று, ஏன் விட்டார் என்று கேட்டு, அந்தத் தடையை நீக்கி, மீண்டும் அழைத்து வருகிறார்கள்.

மாணவத் தோழர்களே, இது மருத்துவர்கள் வேலை என்று இருந்துவிடாதீர்கள். நம் விடுதியிலேயே ஒரு நண்பன் மாத்திரையைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருக்கலாம். பாதியில் நிறுத்தியும் இருக்கலாம். அவனைக் கடியாதீர்கள், ஒதுக்காதீர்கள். எஞ்சிய மாத்திரைகளைத் தானே விழுங்கவும் விடாதீர்கள். மருந்துக்குக் கிருமி அடங்குமா என்று சளியைச் சோதித்த பிறகே மருந்தை முடிவு செய்ய வேண்டும். ஆகவே கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் உடனிருந்து மராத்தியில் எடுத்துச் சொல்லுங்கள். நாள்தோறும் மருந்துண்ணும் வேளையில் ஒரு சொல் கேளுங்கள்.

வேற்று நாட்டு மாணவிக்கு ஒரு கார்ப்பென்டர் அம்மையார் கிடைத்தார். நம் நண்பனுக்கு நாம் கிடைக்க மாட்டோமா?