ஜோர்ஜ் சமுவேல் பெரோத்தே

ஜோர்ஜ் சமுவேல் பெரோத்தே (23 பெப்ரவரி 1793 – 13 சனவரி 1870) பிரெஞ்சு அரசின் பணியில் வாழ்ந்த தாவரவியலாளரும் தோட்டக்கலை வல்லுநரும் ஆவார். சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர் பாரிசில் தோட்டக்காரராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் பயனுள்ள தாவரங்களைத் திரட்டினார். பிற்காலத்தில் புதுச்சேரியில் தங்கி, அங்கேயே காலமானார். நீலகிரி மலையின் தாவரங்களைச் சேகரித்தமைக்காகவும், அவுரிச் செடி பற்றிய நூலுக்காகவும், புதுச்சேரி தாவரவியல் பூங்காவை வளர்த்தெடுத்தமைக்காகவும் அறியப்படுகிறார்.

இளமை

பெரோத்தே சுவிட்சர்லாந்தின் பிரிபூர் மாநிலத்தில், மோரா ஏரிக்கரையில் உள்ள வுய்யி பகுதியைச் சேர்ந்த பிரா என்ற ஊரில் பிறந்தார். பின்னர் பாரிசு சென்று, அரசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராகப் பணியில் அமர்ந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த விதைகளும் கன்றுகளும் வளர்க்கப்பட்ட இடம் அது. ஒரு தாவரத்தை அடையாளம் காண்பதோடு, அதனை அயல் மண்ணில் உயிரோடு வைத்திருக்கவும் தெரிந்தவர்கள் அக்காலக் கடற்பயணங்களுக்குத் தேவைப்பட்டனர்.

முதற் கடற்பயணம் (1819–1821)

1819ஆம் ஆண்டில் கப்பற்தலைவர் பிலிபேர் தலைமையில் புறப்பட்ட பயணத்தில் பெரோத்தே இயற்கையியலாளராகச் சேர்ந்தார். ரீயூனியன் தீவு (அப்போதைய பெயர் பூர்போன்), சாவகம், பிலிப்பைன்சு ஆகிய இடங்களில் பயிர்களைத் திரட்டி, தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவில் நடுவதற்குக் கொண்டுசெல்வது இவருடைய கடமை. கன்றுகளைக் காக்கும் கண்ணாடிப் பெட்டிகள் அப்போது வழக்கில் இல்லை. உப்புக் காற்றும் நன்னீர்ப் பற்றாக்குறையும் பெரும்பாலான செடிகளை வழியிலேயே அழித்துவிடும். எனவே எஞ்சிய ஒவ்வொரு கன்றும் தோட்டக்காரரின் கவனிப்பைப் பொறுத்தே இருந்தது.

இப்பயணத்தின்போது மணிலாவில் இவர் கண்ட ஒருவகை முசுக்கட்டைச் செடி (மல்பெரி) இவருக்குப் புகழைத் தந்தது. வேரிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும் இச்செடி, வெட்டிய குச்சிகளை நட்டாலே எளிதாக வளரும். இதன் பெரிய இலைகள் பட்டுப்புழு வளர்ப்புக்கு ஏற்றவை. 1821இல் இதனைப் பிரான்சுக்குக் கொண்டுவந்த பெரோத்தே, இதற்கு மோரஸ் மல்ட்டிகாலிஸ் என்று பெயரிட்டார். பின்னர் இச்செடி ஐக்கிய அமெரிக்காவை அடைந்து, 1830களில் அங்கு பெரும் ஊக வணிகத்துக்குக் காரணமானது. பட்டு உற்பத்தியைவிடக் கன்று விற்பனையே நோக்கமாகிவிட்டதால் 1839இல் விலை சரிந்து பலர் பொருள் இழந்தனர்.

செனகலில் (1824–1829)

அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட பின்னர், ஆப்பிரிக்கர்களை அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக ஆப்பிரிக்காவிலேயே பருத்தி, அவுரி போன்ற பயிர்களை விளைவிக்கப் பிரெஞ்சு அரசு திட்டமிட்டது. செனகல் ஆற்றங்கரையில் உள்ள வாலோ பகுதி இதற்காகத் தெரிவு செய்யப்பட்டது. 1824இல் அங்கு சென்ற பெரோத்தே, "லா செனகலேசு" என்ற அரசுப் பண்ணையின் நிருவாகியாக நியமிக்கப்பட்டார்.

பயிர்த் திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1830களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அங்கு மேற்கொள்ளப்பட்ட பயிர் முயற்சிகளையும், அவற்றின்மீது தட்பவெப்பம் கொண்ட தாக்கத்தையும் ஆராய்ந்து 1831இல் பெரோத்தே ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அதே காலத்தில் மருந்தாளுநர் லெப்ரியருடன் இணைந்து இவர் திரட்டிய தாவரங்கள் அறிவியலுக்குப் பெரிதும் பயன்பட்டன. அவற்றின் அடிப்படையில் கியுமென், அசீல் ரிசார் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய செனகாம்பியத் தாவர நூல் 1830க்கும் 1833க்கும் இடையில் வெளிவந்தது. இந்நூலின் 72 படங்களை ஜோசப் தெகேன் வரைந்தார். அவரும் பாரிசுத் தாவரத் தோட்டத்தில் தோட்டப் பணியாளராக இருந்து தாவரவியலாளராக உயர்ந்தவர். முதல் தொகுதியோடு இந்நூல் நின்றுவிட்டது.

புதுச்சேரியும் நீலகிரியும்

1834இல் பெரோத்தே புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து நீலகிரி மலைக்குச் சென்று பெருமளவில் தாவரங்களைச் சேகரித்தார். நீலகிரி பிரித்தானியர் ஆட்சியில் இருந்தபோதும், உடல்நலம் நாடி அங்கு செல்வது புதுச்சேரிப் பிரெஞ்சு அலுவலர்களிடையேயும் வழக்கமாக இருந்தது.

நீலகிரித் தேயிலை வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு. 1835இல் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட தேயிலைக் கன்றுகளில் சில கேத்தியில் இருந்த அரசின் சோதனைப் பண்ணையில் நடப்பட்டன. 1836இல் பண்ணை மூடப்பட்டது. அதன் கட்டடம் புதுச்சேரி ஆளுநர் சென்-சிமோனின் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டது. அங்கு சென்ற பெரோத்தே, கவனிப்பாரற்றுக் கிடந்த தேயிலைச் செடிகளைக் கண்டு அவற்றைப் பேணினார். செடிகள் தழைத்துப் பூத்தன. அம்மலையின் மண்ணும் குளிரும் தேயிலைக்கு ஏற்றவை என்பதற்கு இது ஒரு தொடக்ககாலச் சான்றாக அமைந்தது. வணிக அளவிலான தேயிலைத் தோட்டங்கள் அங்கு தோன்றியது ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே ஆகும்.

அவுரி ஆய்வு

பெரோத்தேயின் செனகல் பணிக்கும் புதுச்சேரிப் பணிக்கும் அவுரி ஒரு பாலமாக இருந்தது. அவுரி இலையிலிருந்து எடுக்கப்படும் நீலச் சாயம் தோய்த்த "கினே" என்னும் பருத்தித் துணி புதுச்சேரியின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாக விளங்கியது. இத்துணி பிரான்சு வழியாகச் செனகலுக்குச் சென்றது. அங்கே கருவேல இனப் பிசினை வாங்குவதற்கு நாணயம் போலவே அது பயன்பட்டது. தெற்கே தென்பெண்ணையாற்றை ஒட்டிய சோரியாங்குப்பம் முதலிய பாகூர்ப் பகுதி ஊர்கள் வரை சிதறிக் கிடந்த சிறிய பிரெஞ்சு ஆட்சிப்பகுதியின் வணிகத்துக்கு இச்சாயத்தின் தரம் இன்றியமையாததாக இருந்தது.

இலைகளைத் தொட்டியில் ஊறவைத்து, நீரை வடித்து, அதைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். தென்னிந்தியாவில் பச்சை இலைக்குப் பதிலாக உலர்ந்த இலையைப் பயன்படுத்தும் முறை பரவலாக இருந்தது. நீலம் படிவதற்குச் சுண்ணாம்பு நீரும் சேர்க்கப்பட்டது. சாயம் தரும் அவுரி வகைகள், அவற்றின் பயிரிடல், நீலம் எடுக்கும் முறை ஆகியவற்றை விளக்கும் இவருடைய நூல் 1842இல் பாரிசில் வெளிவந்தது.

1839இல் பிரான்சு திரும்பியிருந்த இவர், பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்று காப்பிச் செடிகளைத் தாக்கிய பூச்சியையும் பூஞ்சையையும் ஆராய்ந்தார். பூச்சியியலாளர் கெரென்-மென்வில்லுடன் இணைந்து எழுதிய அறிக்கை 1842இல் வெளியானது. காப்பி இலையைத் துளைக்கும் அந்துப்பூச்சி அதில்தான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது.

புதுச்சேரி தாவரவியல் பூங்கா

1843 அளவில் மீண்டும் புதுச்சேரி வந்த பெரோத்தே தம் இறுதிக்காலம் வரை அங்கேயே வாழ்ந்தார். நகரின் தாவரவியல் பூங்காவை 1826இல் இவரே நிறுவினார் என்று சில சுற்றுலாக் குறிப்புகளில் காணப்படுகிறது. ஆனால் அவ்வாண்டில் இவர் செனகலில் இருந்தார். ஏற்கெனவே அமைந்திருந்த பூங்காவைப் பிற்காலத்தில் அயல்நாட்டுத் தாவரங்களால் வளப்படுத்தியதே இவருடைய பங்காகும். அது உலாவிடமாக மட்டும் இருக்கவில்லை. புதிய பயிர்களை இம்மண்ணுக்குப் பழக்கும் சோதனைக் களமாகவும் இருந்தது. பூங்காவின் தாவரங்களைப் பட்டியலிடும் நூலை 1867இல், தமது 74ஆம் வயதில் வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியில் காலமானார்.

பெயர் தாங்கிய உயிரினங்கள்

தாவரவியலாளர் குந்த் 1824இல் ஒரு மரப் பேரினத்துக்குப் பெரோத்தேசியா என்று பெயரிட்டார். நீலக்குறிஞ்சி அடங்கிய பேரினத்தைச் சேர்ந்த நீலகிரிச் செடி ஒன்று ஸ்ட்ரோபிலாந்தஸ் பெரோத்தேசியானா எனப்படுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் நஞ்சற்ற பாம்புகளான சைலோபிஸ் பெரோத்தேசி, பிளெக்ட்ரூரஸ் பெரோத்தேசி ஆகியவையும் இவர் பெயரைத் தாங்குகின்றன.

மதிப்பீடு

குடியேற்ற ஆட்சிகளின் வருவாய்க்காகவே பெரோத்தே பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். அத்திட்டங்களுள் பல நிலைக்கவில்லை. செனகல் பண்ணைகள் கைவிடப்பட்டன; முசுக்கட்டை வணிகம் வீழ்ந்தது; 1897இல் செருமனியில் செயற்கை நீலம் வணிக அளவில் விற்பனைக்கு வந்தபின் அவுரிப் பயிரும் சுருங்கியது. எனினும் அப்பயணங்களில் இவர் உலர்த்திச் சேர்த்த தாவர மாதிரிகள் ஐரோப்பிய உலர்தாவரகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. செனகல், நீலகிரி ஆகியவற்றின் 19ஆம் நூற்றாண்டுத் தாவர வளத்தை அறிய அவை இன்றும் பயன்படுகின்றன.