புகைபோக்கி துடைத்த சிறுவன்

நம் சுங்கை ரம்பாய் வட்டாரத்தில் மிதிவண்டி ஏறாத கால்கள் அரிது. பள்ளிக்கும் பால்வெட்டுக்கும் சந்தைக்கும் நம்மைச் சுமந்த அவ்வண்டியாலேயே உலகப் புகழ் பெற்ற ஓர் ஏழைத் தொழிலாளியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அவர் பெயர் மோரிஸ் காரின். 1871ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள், இத்தாலி நாட்டின் மலைச் சிற்றூரான ஆர்வியேயில் பிறந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம், வருவாயோ குறைவு. பிழைப்பு நாடி அக்குடும்பம் பிரான்சு நாட்டிற்குப் பெயர்ந்தது. கடல் கடந்து வந்த நம் முன்னோரின் நிலையும் இதுதானே! சிறுவன் காரின் வீடுகளின் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைத் துடைக்கும் தொழில் செய்தான்.

இளைஞரானதும் மிதிவண்டிப் பந்தயங்களில் ஈடுபட்டார். தொழில்முறை வீரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு பந்தயத்தில் அனுமதியின்றி ஓடி, அனைவரையும் முந்தினார். அமைப்பாளர்கள் பரிசு தர மறுத்தனர். பார்த்திருந்த மக்களே பணம் திரட்டி அவருக்கு வழங்கினர் என்பர். அதன்பின் பந்தயமே அவருடைய தொழிலாயிற்று.

நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் ரப்பர் பயிரிட்டார். அதற்கு அடுத்த ஆண்டிலும் 1898இலும் பாரிசு-ரூபே பந்தயத்தில் காரின் வென்றார். 1901இல் பாரிசு-பிரெஸ்டு-பாரிசு நெடும்பந்தயத்திலும் வாகை சூடினார்.

1903இல் லோத்தோ என்னும் விளையாட்டு இதழ், பிரான்சைச் சுற்றி வரும் பந்தயத்தை முதன்முதலாக நடத்தியது. ஆறு கட்டங்கள், மொத்தம் 2,428 கிலோமீட்டர். முதற்கட்டம் மட்டுமே 467 கிலோமீட்டர். அது மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் சென்று, திரும்பி, மீண்டும் கோலாலம்பூர் செல்வதற்கு ஒப்பாகும்! கரடுமுரடான சாலை, கனத்த வண்டி, கண்ணயர விடாத இரவுப் பயணம். ஏறத்தாழ 18 மணி நேரத்தில் காரின் அக்கட்டத்தை முடித்தார். புறப்பட்ட 60 பேரில் 21 பேரே பந்தயத்தை நிறைவு செய்தனர். இரண்டாமவரைவிட ஏறக்குறைய மூன்று மணி நேரம் முந்திக் காரின் வென்றார்.

ஆனால், புகழைப் பெறுவதினும் காப்பது அரிது. 1904ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஒழுங்கு சீர்குலைந்தது. தம் ஊர் வீரரே வெல்ல வேண்டும் என்று வெறிகொண்ட கூட்டத்தார் பிற வீரர்களைத் தாக்கினர், காரினும் காயமுற்றார். வீரர்கள் சிலர் விதிகளை மீறினர். முதலாவதாக வந்தவர் காரினே. எனினும், சில மாதங்களுக்குப்பின் பிரெஞ்சு மிதிவண்டிச் சங்கம் விசாரித்து, முதல் நான்கு வீரர்களின் வெற்றியையும் நீக்கியது. காரினுக்கு ஈராண்டுத் தடையும் விதித்தது. ஐந்தாவதாக வந்த, இருபது வயதும் நிரம்பாத ஆன்றி கோர்னே வெற்றியாளரானார்.

காரின் மனம் ஒடிந்து முடங்கிவிடவில்லை. 1911இல், நாற்பதாம் வயதில், பாரிசு-பிரெஸ்டு-பாரிசு பந்தயத்தில் மீண்டும் ஓடிப் பத்தாம் இடம் பெற்றார். லான்ஸ் நகரில் வண்டிப் பட்டறை நடத்தி, கைத்தொழிலால் வாழ்ந்து, 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே! 1903இல் கிடைத்த பெருமையும் 1904இல் நேர்ந்த இழுக்கும் அவர் பெயரோடு இன்றும் சேர்ந்தே நிற்கின்றன. வறுமை அவரைத் தடுக்கவில்லை. விதி மீறிய வெற்றி நிலைக்கவுமில்லை. தேர்விலும் விளையாட்டிலும் நாம் முந்துவோம், நேர்வழியில் முந்துவோம். தவறி விழுந்தால், மீண்டும் எழுந்து மிதிப்போம்.