சி. பஞ்சரத்தினம்

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் (1934 – 1969) ஒளியின் தளவிளைவை (முனைவாக்கம்) ஆராய்ந்த இந்திய இயற்பியலாளர் ஆவார். பஞ்சரத்தினம் கட்டம் இவர் பெயரால் வழங்குகின்றது.

வாழ்க்கை

கொல்கத்தாவில் பிறந்த இவர், ச. வெ. இராமனின் தங்கை மகன். பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1964 இல் ஆக்சுபோர்டு சென்றார். அங்கேயே தமது 35 ஆவது அகவையில் காலமானார்.

ஆய்வுகள்

இரு தளவிளைவாக்கிகளுள் ஒன்றைச் சுழற்றினால், வெளிவரும் ஒளியின் செறிவு இடைக்கோணத்தின் கோசைன் இருமடிக்கு ஏற்ப மாறும். தளவிளைவின் வகையை மாற்ற இரட்டை ஒளிவிலகல் தகடுகள் பயன்படுகின்றன. ஆனால் தனித் தகட்டின் விளைவு நிறத்துக்கு நிறம் வேறுபடும். மூன்று தகடுகளைக் குறித்த கோணங்களில் அடுக்கி இவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைக்கும் முறையை இவர் 1955 இல் வெளியிட்டார்.

தளவிளைவு நிலைகள் பலவற்றைக் கடந்து தொடக்க நிலைக்கே திரும்பும் ஒளி, கூடுதலாக ஒரு கட்ட மாற்றத்தைப் பெறுகின்றது என 1956 இல் காட்டினார். புவான்காரே கோளத்தில் அப்பாதை அடைக்கும் திண்மக் கோணத்தின் பாதியே அம்மாற்றத்தின் அளவாகும்.

ஏற்பு

இதையொத்த கட்டத்தைக் குவாண்டம் இயக்கவியலில் மைக்கேல் பெரி 1984 இல் விளக்கினார். பஞ்சரத்தினத்தின் முந்தைய பணியை எஸ். இராமசேசன், இராஜாராம் நித்யானந்தா ஆகியோர் 1986 இல் சுட்டிக்காட்டினர். பெரியும் அதனை 1987 இல் ஏற்றுக்கொண்டு எழுதினார். அதற்குள் பஞ்சரத்தினம் மறைந்து 18 ஆண்டுகள் கடந்திருந்தன.