பண்டித ரமாபாய் தேடிய விடுதலை

பி.எஸ்ஸி. (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

சென்ற ஆண்டு மகளிர் நாளையொட்டி நம் கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் நூலகத்தில் அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது கையில் அகப்பட்டது அட்டை கிழிந்த ஒரு வாழ்க்கை வரலாற்று நூல். பண்டித ரமாபாய் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் படித்த நினைவு. விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர் என்பதோடு அந்த வரி முடிந்துவிடும். போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவர் கல்கத்தா போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பேராசிரியப் பெருமக்களும் தோழர் தோழியரும் பொறுத்தருள வேண்டும்.

மதம் மாறியவரைப் பற்றி நீ ஏன் எழுத வேண்டும் என்று ஒரு தோழி கேட்டாள். எங்கள் குடும்பம் கிறித்தவக் குடும்பம் அல்ல. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. ஆனால் எங்கள் அப்பாயி இருபத்திரண்டு வயதில் தாலி இழந்தவர். என் அக்காள் திருமணத்தில் எல்லோரும் மேடையருகே அட்சதையோடு நிற்க, அவர் மட்டும் பந்தலின் கடைசியில், பாத்திரம் அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றார். அதுதான் என்னை உறுத்திற்று. இந்த வாழ்க்கை வரலாற்றைப் படிக்கையில் அந்தப் பந்தல் ஓரம் அடிக்கடி என் கண்முன் வந்தது.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23-இல், இன்றைய கர்நாடகத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய வடமொழி விற்பன்னர். பெண்ணுக்கு வடமொழி கற்பிப்பதே பாவம் என்றிருந்த காலத்தில் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். சுற்றத்தாரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் காட்டில் குடியேறினார். அந்தத் தாய்தான் மகளுக்கு ஆசிரியை. விடியற்காலையில் மகளை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு பாடம் சொல்வாராம். பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களையும் ரமாபாய் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டார். அன்றாட வேதியியல் வாய்பாடுகளுக்கே திண்டாடும் எனக்கு இது மலைப்பாக இருக்கிறது!

கையிலிருந்த பொருள் கரைந்தபின் குடும்பம் ஊர் ஊராகக் கோயில்களில் புராணம் படித்துப் பிழைத்தது. கிடைத்ததில் பெரும்பகுதி தானத்துக்கும் பூசைக்கும் போயிற்று. 1870-களின் பஞ்சம் வந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. உடலுழைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லை. பிச்சை கேட்கவும் மனம் வரவில்லை. திருப்பதி மலைக்காட்டில் 11 நாட்கள் தண்ணீரும் இலைகளும் சிறிது காட்டு ஈச்சம்பழமும் தின்று கிடந்தனர். 1874-இல் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும், பின்பு தமக்கையும் போயினர். எஞ்சியவர்கள் ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் மட்டுமே.

இருவரும் பல ஆயிரம் மைல் நடந்தார்கள். வடக்கே ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல், புதைகுழிபோல் இரண்டு பள்ளம் தோண்டி, தலை மட்டும் வெளியே தெரிய, உலர்ந்த மணலால் உடம்பை மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். சாஸ்திரம் சொன்ன ஒவ்வொரு நோன்பையும் நோற்ற குடும்பத்துக்கு இந்த முடிவு ஏன் என்ற கேள்வி அந்தக் குளிரில்தான் அவருக்குள் வளர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சிலைகள்மீதிருந்த நம்பிக்கை இந்தப் பயணங்களின்போதே அவரிடமிருந்து கழன்று போயிற்று.

1878-இல் கல்கத்தாவை அடைந்தபோது அவருக்கு வயது இருபது. இன்று எனக்கும் அதே வயது. அங்கே பண்டிதர்கள் அவரைச் சோதித்து வியந்து பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை அளித்தார்கள். கேசவ சந்திர சென் வேத நூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பெண்களுக்குச் சாஸ்திரம் கூறும் கடமைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றும்படி கேட்டுக்கொள்ளப்பட்டதால் அவர் தரும நூல்களை ஊன்றிப் படிக்கலானார். எல்லாவற்றிலும் மாறுபடும் அந்நூல்கள் ஒன்றில் மட்டும் ஒத்துப் போவதாக அவர் கண்டார். பெண் பெண்ணாக இருக்கும்வரை அவளுக்கு வீடுபேறு கிடையாது. கணவனை வணங்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. சூத்திரனைப் போலவே அவளுக்கும் வேதம் ஓத உரிமையில்லை. ஊரெல்லாம் சரஸ்வதி என்று கொண்டாடிய பெண் தமக்கு முக்தி இல்லையென்று தாமே படித்து அறிந்த அந்த நாளை நினைத்துப் பாருங்கள்!

அண்ணன் 1880-இல் இறந்தார். அவ்வாண்டே ரமாபாய், பிராமணர் அல்லாத வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டு மனோரமா பிறந்தாள். 1882-இல் கணவர் காலராவில் மறைந்தார். இருபத்து மூன்று வயதில் கைம்பெண். கணவரின் புத்தகங்களுக்கிடையே கிடந்த வங்காளி மொழி லூக்கா சுவிசேஷம் அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது. புனாவுக்குத் திரும்பி ஆரிய மகளிர் சமாஜத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டுமென்று வாதிட்டார். தாமே மருத்துவராகும் ஆவலோடு, தாம் எழுதிய ஸ்திரீ தரும நீதி என்ற நூலின் வருவாயைக் கொண்டு 1883-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காது கேளாமை வளர்ந்துகொண்டே போனதால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை.

வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். அவர்கள் இலண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் ஓர் இல்லம் நடத்திவந்தார்கள். வழிதவறியவர்கள் என்று சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கான இல்லம் அது. அங்கே அப்பெண்கள் அன்போடு நடத்தப்படுவதைக் கண்டு, இதற்கு என்ன காரணம் என்று ரமாபாய் கேட்டார். விடையாகக் கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணின் கதையைப் படித்துக் காட்டினார்கள். ஊரார் வெறுத்த பெண் அவள். இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் கடவுளைத் தொழும் காலம் வருகிறது என்ற செய்தி அவளிடம்தான் சொல்லப்படுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் ரமாபாய் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

பலர் வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு ஏற்பட்டது இதற்குப் பின் நடந்ததைப் படித்தபோதுதான். சபை சொல்வதையெல்லாம் ஏற்க அவர் மறுத்தார். அவருக்கு ஞானத்தாயாக இருந்த ஜெரால்டின் என்ற கன்னியருக்கும் அவருக்கும் இடையே கடிதப் போரே நடந்தது. திரித்துவக் கோட்பாடு விளங்கவில்லை, விளங்காததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். சிலுவையில் இலத்தீன் எழுத்து எதற்கு, எங்கள் வடமொழி எதில் குறைந்தது என்று கேட்டார். முட்டை சேர்த்த பண்டத்தைத் தொடவில்லை. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் அவர் கற்றுக்கொண்டும் வடமொழி கற்பித்துக்கொண்டும் இருந்தபோது, ஆண்களுக்கும் பாடம் சொல்ல முன்வந்தார். அது தகாது என்று ஆயர்கள் தடுத்தார்கள். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த சபைகளில் நின்று பேசியவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தைப் பெரும்பாடுபட்டுக் கழற்றி எறிந்தபின் இன்னொரு நுகத்தில் கழுத்தைக் கொடுப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்நிய நாடு, கைக்குழந்தை, உண்பதும் உறங்குவதும் அவர்கள் தயவில். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படியளப்பவர் முன்னால் மறுத்துப் பேசுவது எத்தனை கடினம் என்பது எங்களைப் போன்றோருக்கு நன்றாகத் தெரியும்.

1886-இல் அமெரிக்கா சென்றார். அவருடைய உறவினரான ஆனந்திபாய் ஜோஷி அங்கே மருத்துவப் பட்டம் பெற்ற விழா அது. அங்கே அவர் எழுதிய உயர்சாதி இந்துப் பெண் என்ற ஆங்கில நூல் 1887-இல் வெளிவந்தது. நண்பர்கள் சங்கம் அமைத்துப் பொருள் திரட்டித் தந்தனர். 1889 மார்ச் 11-இல் பம்பாயில் சாரதா சதனம் பிறந்தது. முதல் மாணவியருள் ஒருவரான இளம் விதவை கோதுபாய் பின்னாளில் பேராசிரியர் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். சதனத்தில் மதபோதனை கிடையாது என்பது விதி.

மறு ஆண்டு சதனம் புனாவுக்கு மாறியது. இந்நாட்களில் ரமாபாய்க்கு உள்ளுக்குள் ஒரு வெறுமை. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியும் மனம் அமைதியடையவில்லை. 1891 வாக்கில் வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் தன்வரலாற்றைப் படித்தார். பிறருக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே தமக்கு அந்த விசுவாசம் இல்லையென்று உணர்ந்து மனம் மாறியவர் அவர். தமக்குக் கிடைத்தது கிறித்தவ மதம், கிறிஸ்து அல்லர் என்பது ரமாபாய்க்கு அப்போது புலப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரியின் பியூரெட் அளவைப் பார்த்து எழுதினால் விடை சரியாகவே வரும், மதிப்பெண்ணும் விழும். ஆனால் நிறம் மாறிய அந்தத் துளியை நாம் பார்த்திருக்க மாட்டோம். எனக்கு இப்படித்தான் விளங்கிற்று. உள்ளபடியே நான் வருவேன் என்று கடவுளை நோக்கித் திரும்பியவருக்கு, இனி எந்த இடையாளும் தேவைப்படவில்லை.

அந்த மகிழ்ச்சி சதனத்துக்குச் சோதனையாகவும் ஆயிற்று. அவர் தம் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வழிபடுவார். விரும்பி வந்து அமர்ந்த பெண்களைத் தடுக்கவில்லை. புனா கொந்தளித்தது. திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. 1893-இல் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மதபோதனை இல்லை என்ற வாக்கை நம்பி மகளை அனுப்பிய தகப்பனின் கோபத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். என் அப்பாவாக இருந்தாலும் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார். ஆனால் வந்து உட்கார்ந்த பெண்களும் தாமே எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள்தாமே? தம் விடுதலையை மறைத்துவைத்துக்கொண்டு பிறர் விடுதலைக்கு இல்லம் நடத்த ரமாபாயால் இயலவில்லை.

1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குச் சென்று, பட்டினியாலும் கயவர்களாலும் சீரழிந்துகொண்டிருந்த ஏறத்தாழ 300 பெண்களை அழைத்துவந்தார். தாமே பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவரல்லவா! புனாவுக்கு அருகில் கேட்காவ் என்ற ஊரில் வாங்கியிருந்த நிலத்தில் குடில்கள் எழுந்தன. 1900-இல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கிருந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், மாடு வளர்த்தல், அச்சுக்கூடம் எல்லாம் பெண்கள் கையில். கண்ணில்லாதவர்க்கு மனோரமா பிரெயில் கற்பித்தார். அந்த இடத்துக்கு ரமாபாய் வைத்த பெயர் முக்தி. இருபது வயதில் கல்கத்தாவில் எந்தச் சொல் தமக்கில்லை என்று படித்தாரோ, அதே சொல்!

1905-இல் முக்தியில் பெரிய எழுப்புதல் ஏற்பட்டது. பெண்கள் உரக்க அழுதும் பாடியும் செபித்ததைச் சில மேனாட்டார் ஒழுங்கின்மை என்றனர். இந்தியப் பெண்கள் இந்தியப் பெண்களாகவே தொழட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அவரும் கடைசிவரை வெள்ளைப் பருத்திச் சேலை, மரக்கறி உணவு என்றே வாழ்ந்தார்.

முதுமையில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எழுதப் படிக்கத் தொடங்கிய பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்த்தார். பதினெட்டாயிரம் சுலோகம் அறிந்தவர் எளிமைக்காகப் பட்ட பாடு அது. அச்சுக் கோத்தவர்கள் முக்தியின் பெண்கள். பஞ்சத்தில் வந்தபோது எழுத்தே அறியாதவர்கள் அவர்களுள் பலர். 1921-இல் மனோரமா தாய்க்கு முன்பே காலமானார். வேலையை நிறுத்தவில்லை அந்தத் தாய். மொழிபெயர்ப்பை முடித்தபின் 1922 ஏப்ரல் 5-இல் கண் மூடினார். முக்தி இல்லம் கேட்காவில் இன்றும் நடக்கிறது.

பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் அப்பாயியிடம் சொன்னேன். மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார். மணலில் படுத்த அண்ணனும் தங்கையும் பிழைத்தார்களா என்று மட்டும் இருமுறை கேட்டார். வைகாசியில் அக்காள் குழந்தைக்குக் காதுகுத்து. அப்பாயியை முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று அக்காளிடம் சொல்லிவிட்டேன். சரி என்றாள். அப்பாயியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.