தோல் ஒட்டும் பீட்டர் மெடவாரும்

சிறுநீரக மாற்று அறுவை பற்றிய செய்திகளை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். கொடுப்பவர் தாயா, தமையனா என்று வைத்தியர்கள் ஏன் கேட்கிறார்கள்? ரத்தம் பொருந்தினால் போதாதா, திசுவும் பொருந்த வேண்டுமா? இக்கேள்விகளின் வேரைத் தேடிப் போனால் பீட்டர் மெடவார் என்னும் பெயர் எதிர்ப்படும். அவர் வைத்தியர் அல்லர், விலங்கியல் படித்தவர். விலங்கியல் வகுப்பு நண்பர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்!

1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பிரேஸில் நாட்டில் பிறந்தவர். தந்தை லெபனான் வழியினர். தாய் ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்தில் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் வீட்டருகே ஒரு விமானம் விழுந்தது. உடலெல்லாம் வெந்துபோன விமானிக்கு ஏதேனும் செய்ய இயலுமா என்று வைத்தியர்கள் அவரிடம் கேட்டார்கள். பிறர் தோலை எடுத்து ஒட்டினால் அது ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்வி அன்று அவரைப் பற்றிக்கொண்டது. பிறகு விடவே இல்லை.

கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை நிபுணருடன் சேர்ந்தார். தீப்புண் பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய தோலையே சில இடங்களிலும், அவள் சகோதரனின் தோலை வேறு சில இடங்களிலும் ஒட்டினார்கள். சொந்தத் தோல் நின்றது. சகோதரன் தோல் அழிந்தது. மறுமுறை அதே சகோதரனின் தோலை ஒட்டியபோது, அது முன்னிலும் விரைவாக அழிந்தது. உடம்பு முதல் ஒட்டை நினைவில் வைத்திருக்கிறது என்பதுதானே இதன் பொருள்! அம்மைப்பால் குத்தியபின் உடம்பு நோயை எதிர்ப்பதைப் போலவே இதுவும் ஓர் எதிர்ப்பு என்பது தெளிவாயிற்று. 1943-இல் இருவரும் இதை வெளியிட்டனர்.

அடுத்து வந்ததுதான் சுவையான கட்டம். 1948-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மரபியல் மாநாட்டில் ஹியூ டொனால்டு என்பவரைச் சந்தித்தார். இரட்டைக் கன்றுகளில் எவை ஒரே கருவில் உதித்தவை, எவை வேறு கருக்களில் உதித்தவை என்று எப்படி அறிவது என்ற பேச்சு எழுந்தது. தோலை மாற்றி ஒட்டிப் பாருங்கள், வேறு கருவானால் ஒட்டாது என்று மெடவார் உறுதியாகச் சொன்னார். ரூபர்ட் பில்லிங்ஹாமுடன் பண்ணைக்குச் சென்று அவரே ஒட்டியும் பார்த்தார். ஏறக்குறைய எல்லாக் கன்றுகளிலும் தோல் ஒட்டிக்கொண்டது! காளைக்கன்றும் கிடாரியுமாகப் பிறந்த இரட்டையரிடம்கூட. எண்ணியது இப்படிப் பொய்த்தால், பேராசிரியர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலைதான் நமக்கு முதலில் வரும். மெடவாரோ காரணத்தைத் தேடினார். இரட்டைக் கன்றுகளின் ரத்தம் தாயின் வயிற்றிலேயே கலந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் ரே ஓவன் 1945-இல் கண்டிருந்தார். அங்கேதான் விடை கிடைத்தது: பிறக்குமுன் பழகிய அந்நிய அணுவை உடம்பு பின்னர் அந்நியமாகக் கருதுவதில்லை.

இதைச் சுண்டெலியில் மெய்ப்பிக்க வேண்டுமே! லண்டனில் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் இருவருடன், கருவிலிருந்த எலிகளுக்குள் வேறு இனத்தின் உயிரணுக்களைச் செலுத்தினார். அவை வளர்ந்தபின் அதே இனத்தின் தோலை ஒட்ட, பழுப்பு எலியின் உடம்பில் வெள்ளை மயிர்த் திட்டு நிலைத்து நின்றது. 1953-இல் வெளியான அக்கட்டுரைக்காக 1960-இல் மாக்பர்லேன் பர்னெட்டுடன் நோபெல் பரிசு பெற்றார். தம் பங்குப் பணத்தில் பில்லிங்ஹாமுக்கும் பிரெண்டுக்கும் கொடுத்தார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இம்முறையை அப்படியே மனிதருக்குச் செய்ய முடியாது. நோயாளி பிறந்து வளர்ந்தவரன்றோ? 1954-இல் பாஸ்டனில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்றும் ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடையே நடந்ததே. மற்றவர்களுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும், 1958-இல் பாரிஸில் ழான் டோசே தொடங்கிவைத்த திசுப் பொருத்தமும் தேவைப்பட்டன. எதிர்ப்பு என்பது மாற்றமுடியாத விதியல்ல என்று காட்டியதே மெடவாரின் கொடை. அந்நம்பிக்கை இன்றேல் பலர் இத்துறைப் பக்கமே வந்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

1969-இல் எக்ஸிட்டர் தேவாலயத்தில் வேதப்பகுதி வாசித்துக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வீழ்ந்தார். உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்தது. மனைவி ஜீன் துணைநிற்க, ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பினார், நூல்கள் எழுதினார். 1979-இல் இளம் விஞ்ஞானிகளுக்கென்றே ஒரு நூல், 1986-இல் தன் வரலாறு. அடுத்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லண்டனில் காலமானார்.