பீடியாஸ் என்னும் கிரேக்கச் சிற்பி

கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த சிற்பிகளுள் தலைசிறந்தவர் பீடியாஸ். போர்த்தேவியாகிய அதீனாவை அவர் பன்முறை வடித்தார். அக்ரொபொலிஸ் குன்றின்மீது அவர் நிறுத்திய வெண்கலப் படிமத்தின் ஈட்டிமுனையும் தலைக்கவசத்தின் சிகையும் கப்பலில் வருவோர்க்குத் தொலைவிலேயே தோன்றினவாம்.

கி. மு. 438-இல் பார்த்தெனன் கோயிலில் நிறுவப்பெற்ற அதீனாவோ பொன்னும் தந்தமும் இழைத்தது. உயரம் ஏறக்குறைய 40 அடி. அதன் அருகே நின்ற வட்டக் கேடயம், கிரேக்கக் காலாட்கள் தாங்கியதன் வடிவே. அவர்தம் கேடயம் மரத்தாற் செய்து வெண்கலம் போர்த்தது, மூன்றடி அகலமுள்ளது, நடுவிலுள்ள பட்டையில் முன்கையை நுழைத்து, விளிம்பிலுள்ள பிடியைப் பற்றுவர். தேவியின் கேடயத்து வெளிமுகத்தில், அமேசான் மாதரோடு கிரேக்கர் பொருத போரைப் பீடியாஸ் அமைத்தார். அதுவே அவருக்குக் கேடாயிற்று.

பெரிக்ளீஸின் நண்பராதலின் அவருக்குப் பகைவர் பலர். அவர்கள் முதலில் பொன்னைக் கவர்ந்தாரென்றனர். பொற்றகடுகளைக் கழற்றி நிறுத்தறியுமாறு தொடக்கத்திலேயே அமைத்திருந்தமையால் அப்பழி நிலைக்கவில்லை. பின்பு, இரு கையாலும் கல்லை ஓங்கும் வழுக்கைத்தலைக் கிழவர் பீடியாஸே என்றும், ஈட்டி ஏந்திய கையால் முகம் மறைந்து பொருபவர் பெரிக்ளீஸே என்றும் சாட்டினர். தெய்வத்தின் கேடயத்தில் மானிடர் உருவம் புகலாகாதாம்! சிறையில் நோயுற்று மாண்டார் என எழுதினார் புளூட்டார்க். அதன்பின் ஒலிம்பியா சென்று சீயஸின் படிமத்தை இயற்றினாரென்பாரும் உளர்.

பொன்னுருவம் மறைந்துபோயிற்று. இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள சலவைக்கற் பிரதியொன்றில் அவ்வழுக்கைத்தலையர் கைகளை ஓங்கியபடியே நிற்கிறார்.