சேப்பாக்கத்தில் ஒரு கனவு மாளிகை: நவாப் வாலாஜாவின் வாழ்வு

திருவண்ணாமலை, செங்கம், போளூர்ப் பக்கம் புதுவீடு கட்டும் நம்மவர்கள் துஆ ஓத அழைக்கும்போது முதலில் கைப்பேசியில் காட்டுவது வீட்டின் முகப்புப் படத்தைத்தான். உயரமான தூண்கள், உச்சியில் ஒரு குப்பா, வளைவு வைத்த ஜன்னல்கள். உள்ளே எத்தனை அறை, அடுப்படி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அப்புறம்தான். இந்த ஆசைக்குத் தமிழகத்தில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிய ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாதான் அவர். நம் திருவண்ணாமலையும் அந்நாளில் அவருடைய ஆளுகையில் இருந்த ஊர்தான்.

முஹம்மது அலிக்கு ஆட்சி சும்மா வந்துவிடவில்லை. தந்தை நவாப் அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். சாந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரே அணியில் நின்று அடைந்த வெற்றி அது. மகன் தப்பித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தார். அங்கே முற்றுகை. ஆங்கிலேயக் கம்பெனியின் துணையோடுதான் அவர் உயிரும் பதவியும் தப்பின. 1752-ல் சாந்தா சாஹிப் கொல்லப்பட்டார். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை முஹம்மது அலியை நவாபாக அங்கீகரித்தது. 1765-ல் டெல்லி பாதுஷா ஷா ஆலம் அனுப்பிய ஃபர்மான், ஹைதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்படாத தனி ஆட்சியாளராக அவரை உயர்த்தியது. வாலாஜா என்ற பட்டமும் சேர்ந்தது. ராணிப்பேட்டை அருகிலுள்ள வாலாஜாபேட்டையும் சென்னையின் வாலாஜா சாலையும் இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கின்றன.

இதற்கிடையே 1764-ல் மதுரையில் மருதநாயகம் எனும் யூசுப் கானைத் தூக்கிலிட்டதும் இவர்தான். நவாபை நல்லவராக மட்டும் வரைந்து காட்ட விரும்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் தாண்ட முடியாது.

ஆற்காடு தலைநகராக இருந்தும், பாதுகாப்புக்காக நவாப் சென்னைக்கே குடிவர எண்ணினார். முதலில் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்ட ஏற்பாடு நடந்தது. அது கைகூடவில்லை. பிறகு கோட்டைக்குத் தெற்கே, கூவம் ஆற்றைத் தாண்டி, திருவல்லிக்கேணிக்கும் கடலுக்கும் நடுவில் சேப்பாக்கத்தில் நிலம் வாங்கினார். மதில் சூழ்ந்த அந்த வளாகத்தின் பரப்பு 117 ஏக்கர். அரண்மனை 1768-ல் எழுந்தது. கம்பெனியின் பொறியாளராக 1764-ல் சென்னை வந்திறங்கிய பால் பென்ஃபீல்டுதான் அதை வடிவமைத்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் செய்தி.

அந்தக் காலத்துச் சென்னையில் வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் தங்கள் தோட்ட வீடுகளுக்குக் கிரேக்க, ரோமானிய பாணியில் வரிசைத் தூண்களும் முக்கோண நெற்றியும் வைத்தார்கள். நவாப் கேட்டது வேறு. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்ற இரண்டு கட்டடங்களிலும் கூர்முனை வளைவுகள், குவிமாடங்கள், மினாராக்களை நினைவூட்டும் சிறு கோபுரங்கள். வடிவம் நம்முடையது, திட்டமிட்டவர் ஆங்கிலேயர், உழைத்தவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும்தான் பொருள். சிப்பிச் சுண்ணாம்பை நைய அரைத்துப் பூசி, பளிங்கு போலத் தேய்த்து மெருகேற்றும் வித்தையில் சென்னைக் கொத்தனார்களுக்கு ஈடில்லை என்று பெயர் இருந்த காலம் அது. அன்றைக்கு மெரினா சாலை கிடையாது. கடலும் இப்போது இருப்பதைவிட நெருக்கம். கப்பலில் வருகிறவர்கள் ஒரு பக்கம் கம்பெனியின் கோட்டையையும் மறுபக்கம் நவாபின் மாளிகையையும் பார்த்திருப்பார்கள். அந்த முகப்பு சொன்ன சேதி, இங்கே இன்னோர் அரசர் இருக்கிறார் என்பதே. நூறு ஆண்டு கழித்து இந்தோ-சாரசெனிக் என்று பெயர் பெற்ற பாணிக்கு இதுவே முதல் கட்டடம் என்று பலர் எழுதுகிறார்கள். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம் வரை அதன் வழிவந்தவைதான்.

சேப்பாக்கத்தில் மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே நேரத்தில் நம் மாவட்டத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார்கள். செங்கம் கணவாயில் மாதத் தொடக்கத்தில் ஒரு போர். மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் இன்னொரு போர். செங்கத்தில் வென்றும் சோறில்லாமல்தான் கர்னல் ஸ்மித்தின் படை திருவண்ணாமலை வந்து சேர்ந்தது. பெரிய மதில்கள் உள்ள கோயில் அந்த நூற்றாண்டுப் போர்களில் கோட்டையாகவே பயன்பட்டது. இளைஞர் திப்புவின் குதிரைப்படையோ சென்னையின் புறநகர்த் தோட்ட வீடுகள் வரை போய்க் கலக்கியது. 1769-ல் ஹைதரே சென்னை வாசலில் வந்து நின்று உடன்படிக்கை வாங்கிப் போனார். புது மாளிகையின் சுண்ணாம்பு காய்ந்து ஓராண்டு ஆகியிருக்குமோ என்னவோ.

இந்தப் போர்களுக்கெல்லாம் கம்பெனி நவாபிடம் கணக்கு நீட்டியது. கையில் பணமில்லாத நவாப் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினார். வட்டி ஒரு கட்டத்தில் நூற்றுக்கு 36 வரை போனது. 1767-ல் பழைய கடன்களைத் திரட்டி, 10 சதவீத வட்டிக்குக் குறைத்து, ஒரே கணக்காக்கினார்கள். அது 8,80,000 பவுன் என்று பின்னாளில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எடுத்துக் காட்டினார். வட்டியை மார்க்கம் ஏன் இத்தனை கடுமையாகத் தடுத்தது என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது நாம் இந்த நவாபின் கணக்கைத்தான் சொல்வது வழக்கம். கடன் கொடுத்தவர்களுக்கு நவாப் எழுதிக் கொடுத்தது தங்கமோ நகையோ அல்ல. கிராமங்களின் வரி வருமானம். குத்தகைக்காரர் அதை வசூலித்துக் கடன்காரரிடம் சேர்ப்பார். மாளிகை இருப்பது கடலோரத்தில். அதன் கடனை அறுவடைக் களத்தில் நின்று அடைத்தவர் யாரோ ஒரு விவசாயி.

கடன் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் அதே பால் பென்ஃபீல்டு. கட்டட வேலையிலிருந்து காண்ட்ராக்டுக்கும், அங்கிருந்து வட்டித் தொழிலுக்கும் போனவர். 1773-ல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாபிடம் தந்தது. 1776-ல் அதை ராஜாவிடமே திருப்பித் தர ஆளுநர் பிகட் பிரபு முனைந்தபோது, தஞ்சை வருமானத்தில் தனக்குப் பெருந்தொகை எழுதித் தரப்பட்டிருப்பதாக பென்ஃபீல்டு உரிமை கோரினார். தகராறு முற்றி ஆளுநரையே அவருடைய கவுன்சில் கைது செய்தது. காவலில் இருந்தபடியே 1777-ல் பிகட் இறந்தார். 1785 பிப்ரவரியில் பர்க் நவாபின் கடன்களைப் பற்றி நிகழ்த்திய நீண்ட உரையில் பென்ஃபீல்டின் பெயர் சந்தி சிரித்தது. அந்தப் பென்ஃபீல்டும் 1810-ல் பாரிஸில் ஏழையாகத்தான் இறந்தார்.

நவாபின் மறுபக்கமும் உண்டு. லக்னோ ஃபிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து மதரஸா அமைத்துக் கொடுத்தார். ஹஜ்ரத் வந்த பல்லக்கை நவாபே தோளில் தாங்கினார் என்று உலமாக்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் 1795-ல் நவாபின் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் சேராத கருங்கல் கட்டடம். அது கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகத்தை இயற்றியவர் நவாபின் செயலாளர் ராஜா மக்கன் லால் என்ற இந்துப் பெரியவர். அது இன்றும் மிஹ்ராபுக்கு மேலே கல்லில் இருக்கிறது. பஹ்ருல் உலூம் அவர்களும் அந்த வளாகத்தில்தான் அடங்கியிருக்கிறார்கள். சேப்பாக்கம் மாளிகையையும் இந்தப் பள்ளிவாசலையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். நம் கண்ணுக்குப் பள்ளிவாசலின் முகப்பே அழகு; அதில் சோடனை மிகக் குறைவு.

1795 அக்டோபர் 13-ல் நவாப் காலமானார். அவருடைய உடல் பின்னர் திருச்சி நத்தர் வலி தர்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இளமையில் உயிர் தப்ப ஓடிய ஊருக்கே திரும்பிப் போனார். 1801-ல் ஆட்சியைக் கம்பெனி முழுமையாக எடுத்துக்கொண்டது. கடன்களை விசாரிக்க ஆணையம் உட்கார்ந்தபோது வந்து குவிந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுன். விசாரித்து முடித்தபோது அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை.

கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் 1855-ல் வாரிசின்றி இறந்தார். அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே எடுத்துக்கொண்டு அலுவலகங்களை வைத்தது. ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் இரு மஹால்களுக்கும் நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பினார். 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீப்பிடித்து எரிந்தது; தீயணைக்க வந்தவர்களில் ஒருவர் உயிரிழந்தார். பழைய முறைப்படி சுண்ணாம்பு அரைத்துப் பூசி அதைச் சீர்செய்தார்கள். இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது.

நவாபின் குடும்பத்துக்கு 1876-ல் ராயப்பேட்டையில் அமீர் மஹால் கிடைத்தது. அதையும் மாற்றியமைத்துக் கொடுத்தவர் சிஷோம்தான். ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்றும் வசிக்கும் அந்த வீடு, 1798-ல் கம்பெனி தன் அலுவலகத்துக்காகக் கட்டியது.